நெடுந்தீவில் ஓர் இரவு, யாழ்ப்பாணத்தில் மூன்று நாள்: தனியே செல்பவருக்கான வழிகாட்டி

யாழ்ப்பாணத்திலிருந்து நெடுந்தீவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் காலைப் படகில் ஏறிப் பின்னேரப் படகில் திரும்பிவிடுகிறார்கள். இடையில் கிடைக்கும் சில மணி நேரமும் முச்சக்கரவண்டியில் ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு ஓடுவதிலேயே கழிந்துவிடும். கூட்டமாக வருகிறவர்களுக்கு அது போதுமானதாக இருக்கலாம். தனியாக, ஆறுதலாக நாலைந்து நாள் இருக்க வருகிறவரோ, தீவில் ஓர் இரவு தங்குவது என்று முதலில் முடிவு செய்துகொண்டு, நகரத்துக்கான நாள்களை அதற்கு முன்னும் பின்னுமாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

எந்த மாதம் போவது என்பதைக் காற்றைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக் காற்றோடு மழை வரும். மே மாதத்துக்குப் பின் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று பலமாக வீசத் தொடங்கிவிட்டால் கடல் கொந்தளித்துப் படகுப் பயணம் கடினமாகும். பெப்ரவரியும் மார்ச்சும் இரண்டுக்கும் இடைப்பட்ட அமைதியான காலம். ஜூலை, ஓகஸ்ட் மாதங்களை ஒட்டி இருபத்தைந்து நாள் நடைபெறும் நல்லூர்த் திருவிழாவைக் காண விரும்புகிறவர்கள் அறையை வெகு முன்னதாகவே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

கொழும்பு கோட்டையிலிருந்து புகையிரதத்தில் வருவதே சுகமான வழி. 1990இல் போரினால் நின்றுபோன இப்பாதையில் 2014 ஒக்டோபரில்தான் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியது. சென்னையிலிருந்து பலாலிக்கு விமானத்திலும் வரலாம். 2023இல் மீண்டும் தொடங்கிய நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் சேவை காலநிலைக்குக் கட்டுப்பட்டது என்பதால், திரும்ப வேண்டிய தேதி உறுதியாக உள்ளவர்கள் அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

முதல் நாளைக் கோட்டைக்கும் நூலகத்துக்கும் ஒதுக்கலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று நடந்துபோகும் தூரத்தில் உள்ளன. போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, ஐங்கோண வடிவில் விரித்துக் கட்டினர். உள்ளேயிருந்த ஒல்லாந்தர் தேவாலயம் போரில் அழிந்து இன்று கற்குவியலாகக் கிடக்கிறது. வெயில் தாழ்ந்தபின் மதிலின்மேல் ஏறி, பண்ணைக் கடலில் சூரியன் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் நடக்கலாம். 1981 மே 31ஆம் தேதி இரவு எரியூட்டப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்களையும் ஓலைச்சுவடிகளையும் இழந்த பொது நூலகம் இப்போது பழைய தோற்றத்திலேயே மீளக் கட்டப்பட்டிருக்கிறது. அங்கே மாணவர்கள் படித்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே பார்வையாளருக்குரிய நேரத்தை வாசலில் கேட்டு, அந்த நேரத்திலேயே நுழைய வேண்டும். படம் எடுப்பதை விட்டு, வாசிப்பு மண்டபத்தில் சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு வருவதே பொருத்தமானது.

இரண்டாம் நாள் காலையில், நெடுந்தீவுப் படகு புறப்படும் குறிகட்டுவானுக்குப் பேருந்து ஏற வேண்டும். கடலுக்குக் குறுக்கே போட்ட பண்ணைத் தாம்போதியைக் கடந்து வேலணை வழியாகப் புங்குடுதீவுக்குச் செல்லும் இந்தப் பாதையில் இருபுறமும் ஆழமில்லாக் கடலும் இறால் பிடிக்கும் கூடுகளும் தொடர்ந்து வருவதால், சாளரத்தோரத்து இருக்கையைப் பிடித்துக்கொள்வது நல்லது. குறிகட்டுவான் இறங்குதுறையில் நிற்கும் கூட்டத்தில் பெரும்பகுதி நயினாதீவு நாகபூசணி அம்மனையோ அங்குள்ள விகாரையையோ தரிசிக்கப் போகிறவர்கள். அவர்களோடு சேர்ந்து தவறான படகில் ஏறிவிடாமல், நெடுந்தீவுப் படகு எது என்று கேட்டு ஏறவும். கடற்பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். படகு நேரங்கள் மாறக்கூடியவை. தங்குமிடத்துக்கு முதல் நாளே தொலைபேசியில் பேசும்போது அவற்றையும் கேட்டுக்கொள்ளலாம். தீவில் தங்குமிடங்கள் சிலவே. இரவுச் சாப்பாட்டையும் அங்கேயே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். போதிய பணத்தை நகரத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடல்வழிக்கு ஒரு துயரமும் உண்டு. 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் சென்ற பயணிகள் பலர் நடுக்கடலில் கொல்லப்பட்டனர். தீவு மக்கள் இன்றும் அந்த நாளை நினைவுகூர்கிறார்கள்.

நெடுந்தீவின் இறங்குதுறையான மாவிலித்துறையில் இறங்கியதும் வண்டி பேச ஆட்கள் வருவார்கள். தனியாக வருகிறவர் முழு வண்டியையும் பிடிக்கத் தேவையில்லை. பொதியைத் தங்குமிடத்தில் வைத்துவிட்டு, ஒரு சைக்கிள் கிடைக்குமா என்று அங்கேயே விசாரிக்கலாம். ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள, மேடு பள்ளமற்ற தீவு அது. நிழல்தான் குறைவு; தொப்பியும் இரண்டு போத்தல் தண்ணீரும் இல்லாமல் கிளம்பக் கூடாது. சாந்து பூசாமல் முருகைக்கற்களை (பவளப்பாறைக் கற்களை) அடுக்கியே எழுப்பிய வேலிகள் வீதியின் இருபுறமும் வளவுக்கு வளவு நீண்டுகொண்டே போகும். நெடுந்தீவில் என்னை அதிகம் நிறுத்திப் பார்க்க வைத்தவை இந்த வேலிகள்தாம். உள்ளே ஆள் நுழையக்கூடிய பொந்துள்ள பெருக்கமரம், ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு, இடிந்த கோட்டை ஆகியவற்றை ஒரே மூச்சில் பார்க்க வேண்டியதில்லை. நடுப்பகலில் வீட்டுத் திண்ணையில் படுத்திருந்துவிட்டு, நான்கு மணிக்குமேல் புல்வெளிப் பக்கம் போனால், ஐரோப்பியர் காலத்தில் கொண்டுவரப்பட்ட குதிரைகளின் வழிவந்த காட்டுக் குதிரைகளைக் கூட்டமாகக் காணலாம். அவற்றை நெருங்கவோ விரட்டிப் படமெடுக்கவோ வேண்டாம். ஓரிடத்தில் அமர்ந்தால் அவை மேய்ந்துகொண்டே அருகில் வரும். பகல் பயணிகள் ஏறிய கடைசிப் படகு போனபின் தீவு முற்றிலும் வேறாகிவிடும். அந்த மாலைக்காகத்தான் இரவு தங்கச் சொல்கிறேன்.

மறுநாள் திரும்பும்போது விரும்பினால் குறிகட்டுவானில் இறங்கி, கால் மணி நேரப் படகுப் பயணத் தொலைவிலுள்ள நயினாதீவுக்கும் போய்வரலாம். களைப்பாக இருந்தால் விட்டுவிடலாம்.

மீதி நாள்கள் நகரத்துக்கு. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் பூசைகள் குறித்த மணிக்குத் தொடங்கிவிடும். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றியே உள்ளே போக வேண்டும். சாப்பாட்டில் தனியாள் சந்திக்கும் சிக்கல் ஒன்றுதான்: ஒடியல் கூழ். ஒடியல் என்னும் காயவைத்த பனங்கிழங்கின் மாவோடு மீனும் நண்டும் இறாலும் பலாக்கொட்டையும் சேர்த்துப் பெரிய பானையில் காய்ச்சி, ஊரோடு வட்டமாக இருந்து பனையோலைப் பிளாவில் குடிக்கும் உணவு அது. ஒருவருக்கென்று யாரும் காய்ச்ச மாட்டார்கள். தங்குமிட வீட்டார் காய்ச்சும் நாளைக் கேட்டு, ஒரு பங்கு சொல்லி வைப்பதுதான் வழி. மற்ற வேளைகளுக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகம் போதும். தோசை, அப்பம், சிறுதானியப் பலகாரங்கள் எதையும் ஒரு தட்டு, இரு தட்டு என்று வாங்கலாம்.

புறப்படும் நாள் காலையில் சந்தைக்குப் போய்ப் புழுக்கொடியலும் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு), ஓலைக் குட்டானில் விற்கும் பனங்கட்டியும் வாங்கிக்கொள்ளுங்கள். புழுக்கொடியல் பல நாள் தாங்கும். பனங்கட்டியைக் குட்டானோடு நன்றாக மூடும் டப்பாவில் வைக்க வேண்டும். இல்லையென்றால் கொழும்பு வந்து சேருவதற்குள் எறும்பு பங்கு கேட்டுவிடும்.