ஊர்ப்புற நெடுஞ்சாலையில் நடக்கும்போதும் சைக்கிள் ஓட்டும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஓரமாப் போ" என்றுதான் எல்லா வீட்டிலும் சொல்லி அனுப்புகிறோம். எந்த ஓரம் என்று சொல்வதில்லை.

நடைபாதை இல்லாத சாலையில் நடப்பவருக்கு வலது ஓரம்தான் சரி. எதிரே வரும் வண்டி கண்ணில் படும், ஓட்டுநர் தடுமாறினால் மண்ணில் இறங்கி ஒதுங்கிக்கொள்ளலாம். சைக்கிளுக்கு இடது ஓரம், வண்டிகள் போகும் திசையிலேயே. "எதிரே வந்தால் வண்டி தெரியுமே" என்று சைக்கிளிலும் எதிர்த்திசையில் வருகிறவர்கள் உண்டு. சைக்கிளில் இருப்பவரால் சட்டென்று ஒதுங்க முடியாது. 60 கி.மீ. வேகத்தில் வரும் லாரியும் 15 கி.மீ. வேகத்தில் வரும் சைக்கிளும் எதிரெதிரே வந்தால் 75 கி.மீ. வேகத்தில் நெருங்குகின்றன; ஒரே திசையில் போனால் அது 45தான்.

அடுத்தது இருட்டு. 80 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. ஆளைப் பார்த்து பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே 30 மீட்டருக்கு மேல் போய்விடும். டிம் லைட்டில் கருநீலச் சட்டை போட்டவர் தெரிவதே கிட்டத்தட்ட அந்தத் தூரத்தில்தான். எதிர்வண்டி ஹைபீம் அடித்தால் அதுவும் தெரியாது. "வண்டி வெளிச்சம் எனக்குத் தெரிகிறது, அப்போ நானும் அவருக்குத் தெரிவேன்" என்று நினைப்பதுதான் பெரிய தவறு. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் வெயிலுக்குப் பயந்து இரவிலும் விடியற்காலையிலும் நடக்கிறார்கள். திண்டுக்கல்–பழனி சாலையில் அவர்களுக்கென்று தனி நடைபாதை போட்டிருக்கிறார்கள். அதுவரை வந்து சேரும் சாலைகளில் பையின் பின்புறம் ஒளிரும் ஸ்டிக்கர் அவசியம். சைக்கிளுக்குப் பின் மட்கார்டில் சிவப்பு ஒட்டினால் மட்டும் போதாது, பெடலிலும் ஒட்டுங்கள். மேலும் கீழும் அசையும் வெளிச்சம்தான் அங்கே ஒரு ஆள் போகிறார் என்று தூரத்திலேயே காட்டிக்கொடுக்கும்.

சரி, ஓரத்தில் இடம் இருக்கிறதா? தார் மேல் தார் போட்டு சாலை உயர்ந்துகொண்டே போகிறது, பக்கத்து மண் உயர்வதில்லை. பல இடங்களில் தாரின் விளிம்பில் ஒரு சாண் பள்ளம். பின்னால் ஹாரன் கேட்டுப் பதறி இறங்கும் சைக்கிள், திரும்ப ஏறும்போது டயர் அந்த விளிம்பில் வழுக்கி, ஆள் சாலைக்குள்ளேதான் விழுவார். தார் போடும்போதே ஓரத்துக்கு கிராவல் கொட்டி ரோலர் ஓட்டச் சொல்லி ஊர்க்காரர்கள் நின்று கேட்க வேண்டும். அப்புறம், நாமும் அந்த ஓரத்தில் நெல்லும் உளுந்தும் காயப்போட்டு, சுற்றிக் கல் அடுக்கி வைக்கிறோம். களம் இல்லாத ஊரின் கஷ்டம் புரிகிறது. ஆனாலும் அந்தக் கல்லைச் சுற்றி நடுரோட்டுக்கு வர வேண்டியிருப்பது நம் பிள்ளைதான்.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அதன் முன்பக்கமாகக் கடக்காதீர்கள், பஸ் போகட்டும்.

நான்குவழிச் சாலையில் எதிர்த்திசையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களை எல்லோரும் திட்டுகிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. வீடு ஒரு பக்கம், பள்ளிக்கூடம் மறுபக்கம், சென்டர் மீடியனில் திறப்போ இரண்டு கிலோமீட்டர் தள்ளி. பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில் வரும் பெண், எதிரே தெரியும் பள்ளிக்கு நாலு கிலோமீட்டர் சுற்றிப் போக வேண்டும். அதனால்தான் மீடியனில் அரளிச் செடிகளுக்கு நடுவே கால்பட்டுத் தேய்ந்த தடம் இருக்கிறது. சனங்கள் எங்கே கடக்கிறார்கள் என்பதை அந்தத் தடமே காட்டுகிறது. அங்கே சுரங்கப்பாதையோ சர்வீஸ் ரோடோ தராமல் கம்பி வேலி மட்டும் போட்டு அடைப்பது பொறியாளர்கள் செய்யும் தவறு. வேலி வந்தால் அடுத்த வாரமே வேறு இடத்தில் தாண்டுவார்கள்.

விபத்து நடந்த அன்று மறியல் செய்துவிட்டு, கலெக்டர் வந்து பேசியதும் கலைந்துபோவது ஊர்க்காரர்கள் செய்யும் தவறு. கிராம சபையில் தீர்மானம் போட்டு, ஆட்சியர் தலைமையிலான மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்புங்கள். தேசிய நெடுஞ்சாலையா, மாநில நெடுஞ்சாலையா, ஒன்றியச் சாலையா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தெரியாமல் கொடுத்த மனு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றும். கிலோமீட்டர் கல்லின் எண்ணை எழுதுங்கள். அந்தத் தடத்தைப் படம் எடுத்து, காலையும் மாலையும் எத்தனை பேர் அதில் கடக்கிறார்கள் என்று எண்ணி மனுவோடு இணையுங்கள்.