ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை புர்ஜ் கலிஃபா மேலே கூட்டிப் போவது எப்படி

மார்த்தாண்டம் பக்கம் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது கல்ஃபில் இருக்கிறார்கள். நான் பதினொரு வருஷம் துபாயில் இருந்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவன் என்பதால், யாருக்காவது விசிட் விசா கைக்கு வந்துவிட்டால் மறுநாளே எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அந்தப் பெரிய கட்டிடத்துல ஏறணும்னா எப்படிப் போகணும் மக்கா?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன். துபாயில் இருக்கும் பிள்ளைகளும் படிக்கலாம், ஏனென்றால் கூட்டிப் போகிறவன் செய்கிற தப்புகள்தான் இதில் அதிகம். நானும் எல்லாவற்றையும் செய்தவன்தான்.

பெட்டி கட்டும்போதே ஒன்று. முந்திரிக்கொத்து, நேந்திரங்காய் சிப்ஸ் எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டு போங்கள். மசாலாப் பொடிகளோடு கசகசா மட்டும் போகக்கூடாது, அது அங்கே தடை செய்யப்பட்ட பொருள். வெற்றிலையும் வேண்டாம். தாத்தா இருந்தால் அவருக்கு இதை இரண்டு தடவை சொல்லுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். எல்லோரும் உயரத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள், தலை சுற்றுமா, பிரஷர் ஏறுமா என்று. ஆனால் எங்கள் அம்மா உட்கார்ந்துவிட்டது மேலே போய் அல்ல, கீழே, மெட்ரோ ஸ்டேஷனுக்கும் மாலுக்கும் நடுவில். புர்ஜ் கலிஃபா–துபாய் மால் என்று மெட்ரோவின் ரெட் லைனில் ஸ்டேஷன் இருக்கிறது, பெயரைக் கேட்டால் இறங்கினதும் கட்டிடத்துக்குள் போய்விடலாம் போலத் தோன்றும். இறங்கினால் ஏசி போட்ட ஒரு மேல்நடைபாதை போய்க்கொண்டே இருக்கும், முக்கால் கிலோமீட்டருக்கு மேல். நடுநடுவே நகரும் நடைபாதை இருந்தாலும் அதில் ஏறி இறங்கத் தயங்குகிற வயதானவர்களுக்கு அது இன்னொரு தொல்லை. அது முடிந்தால் மால், அது தனி ஊர். மேலே போகும் நுழைவாயில் அந்த மாலின் கீழ்த்தளத்தில் இருக்கிறது, அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் சோதனை, வரிசை எல்லாம் ஆரம்பிக்கும். விவேகானந்தர் பாறைக்குப் படகு வரிசையில் நின்று பழக்கப்பட்ட நமக்கு வரிசை பெரிதல்ல, அதற்கு முன்னால் இவ்வளவு நடந்திருக்கிறோம் என்பதுதான் பிரச்சினை.

அதனால் முட்டுவலி இருக்கிறவர்களை டாக்ஸியில் கூட்டிப் போங்கள். வண்டி ஓட்டுகிறவர் பல நேரம் மலையாளியாக இருப்பார், நம் ஊர்க்காரர்களுக்கு அது வசதி, மேலே ஏறும் நுழைவாயில் பக்கமாக இறக்கிவிடச் சொல்லிப் பேசிவிடலாம். தேவைப்பட்டால் மாலில் சக்கர நாற்காலி கேட்டு வாங்கலாம். அம்மா வேண்டாம் என்றுதான் சொல்வார், கொஞ்சம் வற்புறுத்துங்கள். மெட்ரோவில்தான் போவோம் என்றால் போங்கள், ஆனால் வண்டிக்குள் எதையும் வாயில் போடவிடாதீர்கள், சாப்பிட்டாலும் குடித்தாலும் 100 திர்ஹம் அபராதம்.

டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். தேதியும் நேரமும் போட்டுத்தான் கிடைக்கும், கவுண்டரில் போய் நின்றால் வேண்டிய நேரம் தீர்ந்து போயிருக்கலாம். முக்கியமாக இரண்டு விதம் உண்டு. 124, 125ஆம் மாடிகள் சாதாரண டிக்கெட். 148ஆம் மாடிக்கு அதைவிட விலை மிகவும் கூடுதல், பேரீச்சம்பழமும் அரபிக் காப்பியும் கொடுத்து உபசரித்துக் கூட்டிப் போவார்கள், கூட்டமும் குறைவு. என் கருத்தைக் கேட்டால் 148 வேண்டாம். 124 இருப்பது 452 மீட்டர் உயரத்தில். நம் குமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரம், அதுபோல 13 பாலத்தை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் வருகிற உயரம் அது. அங்கிருந்து பார்த்தாலே கார் எறும்பாகத்தான் தெரிகிறது, இன்னும் நூறு மீட்டர் ஏறினால் எறும்பு இன்னும் கொஞ்சம் சின்னதாகும், அவ்வளவுதான். மிச்சம் பிடிக்கிற காசில் குடும்பமே உட்கார்ந்து நன்றாகச் சாப்பிடலாம்.

எந்த நேரம் என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சூரியன் மறையும் நேரத்துக்கு டிக்கெட் விலை கூடுதல், கூட்டமோ நெருக்கியடிக்கும், கண்ணாடிப் பக்கம் ஒதுங்கவே இடம் கிடைக்காது. கன்னியாகுமரியில் கடலில் சூரியன் மறைவதைக் காசு கொடுக்காமல் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், அதற்குப் போய் திர்ஹம் கொடுப்பானேன்? காலையில் போங்கள். விலையும் குறைவு, வெயில் முதுகுப் பக்கம் இருப்பதால் கடல் பக்கம் தெளிவாகத் தெரியும். இன்னொன்றும் இருக்கிறது, எந்த விளம்பரத்திலும் நான் பார்க்காதது: நீங்கள் நிற்கிற கட்டிடத்தின் நிழல் கீழே கடலை நோக்கி விழுந்து கிடக்கும். ஜுமைரா பக்கத்து வெள்ளை வீடுகளின் மேல் ஒரு நீளமான ஊசி மாதிரி. கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தால் ஊசி இரண்டு தெரு தள்ளிப் போயிருக்கும். அப்பா எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

அது அவர்கள் இரண்டாவது தடவை வந்தபோது. முதல் தடவை அவர்கள் வந்தது ஜூன் மாதம், ஆர்வக்கோளாறில் வந்த மூன்றாம் நாளே கூட்டிப் போய்விட்டேன். வெளியே தூசிக்காற்று. மேலே போனால் நான்கு பக்கமும் பால் கலக்காத டீ நிறத்தில் ஒரு திரை, கடலும் இல்லை, பாலைவனமும் இல்லை. அப்பா கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு நம்ம தொட்டிப்பாலமே போதும்லா மக்கா, அங்க காத்தாவது வரும்" என்றார். ஆகவே முடிந்தால் நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் வரச் சொல்லுங்கள். முந்தின நாள் மாடியிலோ தெருவிலோ நின்று பாருங்கள், கட்டிடத்தின் உச்சி மங்கலாகத் தெரிந்தால் மேலிருந்து ஊரும் மங்கலாகத்தான் தெரியும். குளிர்காலத்தில் சில விடியற்காலைகளில் மூடுபனி கீழே படர்ந்து மற்ற கட்டிடங்களின் தலைமட்டும் நீட்டிக்கொண்டிருக்கும், அது வாய்த்தால் அதிர்ஷ்டம்.

லிஃப்ட் பயணம் ஒரு நிமிஷம்தான். நொடிக்கு 10 மீட்டர் வேகம் என்றாலும் உடம்புக்கு ஒன்றும் தெரியாது, காது மட்டும் விமானத்தில் போல அடைக்கும். எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும், பிள்ளைகளுக்குப் புளிப்பு மிட்டாய் ஒன்று கொடுத்துவிடுங்கள். விளக்கை அணைத்துச் சுவரில் படம் ஓட்டுவார்கள், இருட்டைக் கண்டு பயப்படுகிறவர் இருந்தால் முன்பே சொல்லிவையுங்கள். 124இல் திறந்தவெளித் தளம் இருக்கிறது, அங்கே காற்றும் உண்டு. கண்ணாடிகளுக்கு நடுவே இடைவெளி விட்டிருப்பார்கள், படம் எடுப்பதானால் அதில் எடுங்கள், இல்லையென்றால் உங்கள் சட்டையின் பிரதிபலிப்புதான் வரும். ஒரு பக்கம் ஷேக் சாயித் ரோடு, ஒரு பக்கம் கடலும் உலக வரைபடம் போல மண் கொட்டிச் செய்த தீவுகளும், இன்னொரு பக்கம் முடிவே இல்லாத மணல். அவசரப்படாமல் சுற்றி வாருங்கள். இறங்குவதற்கும் வரிசை நிற்கும், அதனால் மேலே ஏறுவதற்கு முன்பே எல்லோரும் கழிப்பறை போய்வந்துவிடுவது நல்லது.

தேங்காப்பட்டணம், குளச்சல் பக்கத்திலிருந்து நோன்பு மாதத்தில் போகிறவர்களுக்கு ஒரு சுவாரஸ்யம். உயரத்தில் இருப்பவர்களுக்குச் சூரியன் தாமதமாக மறைவதால், 80ஆம் மாடிக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு நிமிஷமும் 150க்கு மேல் இருப்பவர்கள் மூன்று நிமிஷமும் கழித்து நோன்பு திறக்க வேண்டும் என்று 2011இல் துபாயில் மார்க்க அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒரே கட்டிடத்துக்குள் மூன்று மக்ரிப், அதாவது மூன்று அந்தித் தொழுகை நேரம்.

கட்டிடத்தின் காலடியில் இருக்கும் ஏரியில் நடக்கிற நீரூற்று ஆட்டத்தை மேலிருந்து பார்க்கத் திட்டம் போடாதீர்கள், கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த மாதிரிதான் இருக்கும். அது மாலை நேரத்தில் கீழே ஏரிக்கரையில் நின்று பார்க்க வேண்டியது, பாட்டு காதில் விழும், இலவசமும்கூட.

வெளியேறும் வழியில் உங்களைப் பச்சைத் திரைக்கு முன்னால் நிறுத்தி எடுத்த படத்தை அட்டையில் போட்டுக் காட்டுவார்கள். விலையைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மொத்தக் கட்டிடமும் தெரிய வேண்டுமென்றால் ஏரியின் எதிர்ப்பக்கம் போய், போனைத் தலைகீழாகத் தரையோடு வைத்து எடுங்கள். 828 மீட்டரும் அடங்கிவிடும். எங்கள் வீட்டு ஹாலில் தொங்குவது அப்படி எடுத்த படம்தான், அதில் அப்பாவின் செருப்பு பெரிதாகவும் தலை சின்னதாகவும் இருக்கிறது என்று அம்மாவுக்கு இன்றைக்கும் குறை.