‘ஈ’ நெகட்டிவ் என்றதும் கொப்பியை மூடாதீர்கள்

மலையகத்து ஆஸ்பத்திரிகளுக்குப் புதிதாக வரும் டொக்டர் தம்பி தங்கைமாரின் கிளினிக் குறிப்புகளைப் புரட்டும்போதெல்லாம், ஈரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பீ வைரஸ் உள்ள நோயாளிகளுக்கு நான் ஒருகாலத்தில் எழுதியதையே மறுபடி வாசிப்பதுபோல இருக்கிறது. ஊசிச் சுத்தம், வீட்டாருக்குத் தடுப்பூசி எல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை விடுகிறேன். நாம் செய்யும் நாலு பிழைகளை மட்டும் சொல்கிறேன்.

ஈ அன்டிஜன் இல்லையென்றால் வைரஸ் அடங்கிவிட்டது என்று நினைப்பது

இதைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை. ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் கவ்வாத்து வெட்டும் ஐயா ஒருவர், வயது 48. எஸ் அன்டிஜன் (உடம்பில் வைரஸ் இருப்பதைக் காட்டும் புரதம்) பொசிட்டிவ், ஈ அன்டிஜன் (வைரஸ் மும்முரமாகப் பெருகும்போது தென்படும் புரதம்) நெகட்டிவ், ஈரல் பாதிப்பைக் காட்டும் ஏ.எல்.ரீ. 34, சரியான அளவுதான். ‘அமைதி நிலை, வருடம் ஒருமுறை வரவும்’ என்று கொப்பியில் எழுதியவன் நான். கிளினிக் வந்தால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும், அவர் வரவில்லை. மூன்றாம் வருடம் சாரத்தை அடிவயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். வயிறு முழுக்க நீர். “ஒண்ணுமில்லன்னுதானே எழுதிக் குடுத்தீங்க ஐயா” என்று கொப்பியை நீட்டினார்.

இந்த வைரஸின் மரபணு ஏறத்தாழ 3,200 எழுத்து நீளம். படியெடுக்கையில் விழும் பிழையைத் திருத்த அதனிடம் வழியில்லை. 1896ஆம் இடத்தில் ‘ஜீ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஏ’ வந்தால் அங்கே நிறுத்தக்குறி விழுந்து, ஈ அன்டிஜன் உருவாவது நின்றுவிடும். வைரஸ் பெருகுவது நிற்காது. 1762, 1764 இடங்களில் சேர்ந்து வரும் மாற்றம் ஈ அன்டிஜனைக் குறைக்கும். ஈரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும்.

இப்படிப்பட்டவர்களுக்கு ஏ.எல்.ரீ. ஏறும், இறங்கும். இறங்கிய நாளில் எடுத்த இரத்தத்தைத்தான் நான் நம்பினேன். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருதடவை பாருங்கள். வைரஸ் டீ.என்.ஏ. அளவும் எடுங்கள், மாதிரியை வெளியூர் லெப்புக்கு அனுப்ப வேண்டியிருந்தாலும் அனுப்புங்கள். அது மில்லிலீற்றருக்கு 2,000 சர்வதேச அலகுக்குக் கீழே நின்று, ஏ.எல்.ரீ.யும் ஒவ்வொரு தடவையும் சரியாக இருந்து, ஈரலில் தழும்பும் இல்லையென்றால்தான் ‘அமைதி’ என்ற சொல்லை எழுதலாம்.

லமிவுடினை மட்டும் வருடக்கணக்கில் கொடுப்பது

லமிவுடின் வைரஸை அடக்கும் குளிசை. வைரஸ் தன்னைப் படியெடுக்கும் நொதியில் 204ஆம் இடத்து அமினோ அமிலமான மெத்தியோனின் மாறினால் அந்தக் குளிசை பிடிக்காது. அதற்குப் பதிலாக டெனோபோவிர் என்ற குளிசை இருக்கிறது.

ஏ.எல்.ரீ. இறங்கியதும் குளிசையை நிறுத்துவது

வேண்டாம். திடீரென்று ஈரலே செயலிழக்கலாம்.

கேட்காமல் திகதி போடுவது

அந்த ஐயாவின் மகனுக்கும் எஸ் அன்டிஜன் பொசிட்டிவ். எந்த நாளில் வர முடியும் என்று முதலில் கேட்டேன். சம்பள நாள் வேண்டாம், கொழுந்து அதிகமாக இருக்கும் மாதத்தில் முடியாது என்றார். அதைப் பார்த்துத் திகதி போட்டேன். நாலு தடவையும் வந்தார். மூன்றாவது தடவை அவருடைய ஏ.எல்.ரீ. 112.