அரசியல் அறிவியல்: டீக்கடை அறிவு காலை வாரும் இடங்கள்

பிளஸ் ஒன்னில் அரசியல் அறிவியல் எடுக்கும் பிள்ளைகளுக்கு முதல் ஒரு மாதம் ஜாலியாகப் போகும். பேப்பரில் வருவதுதானே, வீட்டில் அப்பாவும் சித்தப்பாவும் தினமும் சண்டை போடுவதுதானே என்று ஒரு தைரியம். காலாண்டு விடைத்தாள் கைக்கு வரும்போதுதான் முகம் வாடும். இந்தப் பாடத்தில் தெரியாமல் போகும் மார்க்கைவிட, தெரியும் என்று நினைத்துக் கோட்டைவிடும் மார்க்தான் அதிகம்.

ஒருமுறை 'அரசின் கூறுகள் யாவை?' என்ற கேள்விக்கு ஒரு மாணவி ரேஷன் அரிசி, மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்து, காலை உணவு என்று ஒரு பக்கம் எழுதியிருந்தாள். முத்து முத்தான கையெழுத்து. மார்க் போடத்தான் இடமில்லை. அவளைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. நம் பேச்சில் அரசு என்றால் ஆட்சியில் இருப்பவர்கள், அரசு பஸ், அரசு ஆஸ்பத்திரி. பாடத்தில் அது மக்கள்தொகை, நிலப்பரப்பு, அரசாங்கம், இறையாண்மை (யாருக்கும் கட்டுப்படாத உச்ச அதிகாரம்) நான்கும் சேர்ந்தது. அரசாங்கம் அதில் ஒரு கூறுதான். தேர்தலில் தோற்றால் அரசாங்கம் வீட்டுக்குப் போகும், அரசு அப்படியே இருக்கும்.

இதைச் சொன்னதும் யாராவது கேட்பார்கள்: "அப்போ லெட்டர்பேடில் 'தமிழ்நாடு அரசு' என்று போடுகிறார்களே சார்?" நல்ல கேள்வி. பாட வரையறைப்படி இறையாண்மை இல்லாததால் தமிழ்நாடு மாநிலம்தான். லெட்டர்பேடில் உள்ள 'அரசு', பாடநூல் மொழியில் அரசாங்கம். சரி, தெளிந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தால் அடிப்படை உரிமைகள் பாடம் வந்து மறுபடி குழப்பும். அரசியலமைப்பின் 12-ஆவது உறுப்பு அந்தப் பகுதிக்கு மட்டும் 'அரசு' என்பதற்கு வேறு பொருள் தருகிறது. நாடாளுமன்றம், மாநில அரசாங்கம், உள்ளாட்சி அமைப்பு எல்லாமே அதில் அடக்கம். அங்கே உங்கள் ஊர் பஞ்சாயத்தும் 'அரசு'தான். எந்தப் பாடத்தில் நிற்கிறோம் என்று பார்த்துச் சொல்லைப் பயன்படுத்தத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

அடுத்தது சமூக ஒப்பந்தக் கோட்பாடு. ஹாப்ஸ், லாக், ரூசோ என்ற ஐரோப்பியச் சிந்தனையாளர்கள் மூவரையும் ஒரே பத்தியில் போட்டு, 'மக்கள் ஒப்பந்தம் செய்து அரசை உருவாக்கினர்' என்று முடித்துவிடுவார்கள். ஒப்பந்தத்துக்கு முன்பு மனிதன் எப்படி இருந்தான் என்பதில்தான் மூவரும் பிரிகிறார்கள். இங்கிலாந்து உள்நாட்டுப் போரைக் கண்ட ஹாப்ஸுக்கு அது எல்லாரும் எல்லாரோடும் மோதும் நிலை, அதனால் வலுத்த ஆட்சியாளர் தேவை. லாக்குக்கு அங்கே இயற்கைச் சட்டம் உண்டு, வழக்கைத் தீர்க்கப் பொதுவான நீதிபதிதான் இல்லை. ரூசோவுக்கோ ஆதிமனிதன் சாது, சொத்து வந்தபிறகுதான் வினை. இதைப் பிரித்து எழுதினாலே ஐந்து மார்க் கேள்வி பாதுகாப்பு.

அப்புறம், அண்ணன் படித்த பழைய கைடு. மக்களவைக்கு 545 பேர் என்று அதில் இருக்கும். ஆங்கிலோ இந்தியர் நியமன இடங்கள் இரண்டும் 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டதால் இப்போது 543. அடிப்படை உரிமைகள் ஏழு என்று இன்னமும் எழுதுபவர்கள் உண்டு. 1978-இல் 44-ஆவது திருத்தம் சொத்துரிமையை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது, இப்போது ஆறுதான். அந்த ஆறில் வாக்குரிமையைச் சேர்ப்பதும் வழக்கமான சறுக்கல். அது 326-ஆவது உறுப்பைச் சார்ந்தது, அடிப்படை உரிமைகள் பகுதியில் கிடையாது.

செய்தித்தாளிலிருந்து உதாரணம் காட்டுவது நல்ல பழக்கம், ஆனால் பாதிச் செய்தியோடு நிறுத்தக் கூடாது. மசோதாக்கள் மீது முடிவெடுக்க ஆளுநருக்கு 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் காலக்கெடு விதித்தது, தமிழ்நாடு தொடுத்த வழக்கில். அதே ஆண்டு நவம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதிலளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் அப்படிக் காலக்கெடு விதிக்க முடியாது என்றது. காலவரையின்றிக் கிடப்பில் போடவும் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது. ஏப்ரலோடு நிறுத்தினால் விடை தப்பு.

இன்னொன்று, கட்சிப் பாசம். 'எங்கள் தலைவர்' என்று விடைத்தாளில் எழுதாதீர்கள். திருத்துபவர் எந்தத் தலைவரின் ஆள் என்று உங்களுக்குத் தெரியாது. மசோதா மீதான ஆளுநரின் அதிகாரம் பற்றிய 200-ஆவது உறுப்பு என்ன சொல்கிறது, யார் எதை எதிர்த்து வாதிட்டார்கள் என்று இரண்டு பக்கத்தையும் எழுதுங்கள். தலைவரைப் பற்றிப் பேச டீக்கடை இருக்கிறது.