காட்டுக் குரங்கைப் பார்க்கப் போனால் முதலில் வாயைப் பாருங்கள்

எதைத் தின்கிறது என்று தெரிந்துவிட்டால், ஒரு குரங்குக் கூட்டம் ஏன் இவ்வளவு தூரம் அலைகிறது, எதற்காக அடித்துக்கொள்கிறது, ஏன் மத்தியானம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்பதெல்லாம் பாதி புரிந்துவிடும்.

விடிந்ததுமே போய்விடுங்கள். ராத்திரி தங்கின மரத்தை விட்டு இரை தேடக் கிளம்புகிற நேரம் அது. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கவனித்தால் கத்துகிற, துரத்துகிற குரங்குகள்தான் கண்ணில் படும், ஓரமாக உட்கார்ந்து மென்றுகொண்டிருப்பது தப்பிவிடும். அதனால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் அதன் மேலேயே கண்ணை வைத்து, செய்வதையெல்லாம் எழுதுங்கள், அப்புறம் அடுத்தது. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த ஜீன் ஆல்ட்மன் 1974-ல் இந்த முறையைத் தெளிவாக எழுதிவைத்தார், ஆய்வாளர்கள் இன்றும் இப்படித்தான் பார்க்கிறார்கள்.

நோட்டில் வெறுமனே 'பழம்' என்று எழுதாதீர்கள். காயா கனியா, கொட்டையைத் துப்பியதா விழுங்கியதா, இலை என்றால் தளிரா முற்றலா? மேலே தெரியவில்லையா, கூட்டம் நகர்ந்தபிறகு மரத்தடிக்குப் போய்க் கடித்துப் போட்ட மிச்சத்தைப் பாருங்கள். நம் ஊர் நாட்டுக்குரங்கு போன்ற மக்காக் வகைக் குரங்குகளுக்குக் கன்னத்தில் பை உண்டு, கிடைத்ததை அவசரமாக அதில் திணித்துக்கொண்டு ஒதுக்குப்புறமாகப் போய், புறங்கையால் கன்னத்தை அமுக்கி அமுக்கி வாய்க்குள் தள்ளி நிதானமாக மெல்லும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும்! இலை தின்னும் மந்திகளுக்கு அந்தப் பை கிடையாது. அவற்றின் இரைப்பை பல அறைகளாகப் பிரிந்திருக்கும், இலையை அங்கே நுண்ணுயிரிகள் நொதிக்கவைக்க நேரம் பிடிக்கும். அந்த மத்தியான ஓய்வைச் சோம்பேறித்தனம் என்று எழுதிவிடாதீர்கள். பூச்சி, பிசின், பூ, சில இனங்களில் புல்கூட உணவுதான்.

மக்காக் குரங்கு பல்லைக் காட்டினால் சிரிக்கிறது என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் அது பயம், இல்லையென்றால் பணிவு. வாயைத் திறந்து உற்று முறைத்தால்தான் மிரட்டல். பேன் பார்ப்பதையும் விடாமல் குறியுங்கள், யார் யாருக்குப் பார்க்கிறார்கள் என்பதிலேயே கூட்டத்தின் உறவுகள் தெரியும்.

தயவுசெய்து எதுவும் தின்னக் கொடுக்காதீர்கள், கொடுத்த நிமிடமே அதன் இயல்பு மாறிவிடும், நீங்கள் எழுதுவதற்கு அர்த்தமில்லாமல் போய்விடும், கடியும் நோயும் வேறு. பைனாகுலர் வைத்துத் தள்ளி நின்றே பாருங்கள். இரையை விட்டுவிட்டு உங்களையே பார்க்கிறதா, அடிக்கடி உடம்பைச் சொறிகிறதா, ரொம்ப நெருங்கிவிட்டீர்கள், மெதுவாகப் பின்னால் போங்கள்.