சாக்கெட் பின் வளைந்துவிட்டால்

தப்பு என்னுடையதுதான். கணினியின் மதர்போர்டில் (இன்டெலின் எல்ஜிஏ 1700 வகை) பிராசஸரை அதற்கான சாக்கெட்டில் இறக்கும்போது ஒரு மூலை விரலிலிருந்து நழுவிக் கீழே குத்திவிட்டது. சத்தம்கூட வரவில்லை. எடுத்துப் பார்த்தால், சாக்கெட்டில் சீராக மின்னிக்கொண்டிருந்த 1700 குட்டி உலோகப் பின்களுக்கு நடுவே, பயிருக்குள் மாடு படுத்து எழுந்த மாதிரி ஒரு திட்டு. நான்கு பின்கள் என்று எண்ணினேன். உண்மையில் ஐந்து. அந்த ஐந்தாவதுதான் பிறகு என்னைப் படுத்தியது.

முதலில் பின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். ஏஎம்டியின் ஏஎம்4 வகை சாக்கெட்டுக்கானவற்றில் பின்கள் பிராசஸரிலேயே இருக்கும். அவை ஆணி மாதிரி நேராக நிற்பவை. லெட் எடுத்த மெக்கானிக்கல் பென்சிலின் முனையை மாட்டி மெல்ல நிமிர்த்திவிடலாம். இன்டெலின் எல்ஜிஏ சாக்கெட்டுகளிலும், 2022இல் வந்த ஏஎம்டியின் ஏஎம்5இலும் பின்கள் போர்டில் இருக்கும். இங்கே பென்சில் உதவாது. ஏனென்றால் இவை ஆணியே அல்ல, குட்டி ஸ்பிரிங்குகள். சாய்வாக எழும்பி, நுனியில் லேசாக வளைந்து நிற்கும். சாக்கெட்டை மூடும் லீவரை இறக்கியதும் பிராசஸரின் அடியில் உள்ள தட்டைப் புள்ளிகள் இவற்றை அழுத்தும். அந்த அழுத்தத்தில்தான் தொடர்பு கிடைக்கிறது. ஆகவே ‘நிமிர்த்துவது’ என்று சொல்வதே தப்பு. பக்கத்துப் பின் எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அவ்வளவு சாய்வுக்குக் கொண்டுவர வேண்டும். நட்டுக்குத்தலாக நிறுத்தினால் அடுத்த முறை மூடும்போது மடங்கிவிடும்.

மின் இணைப்பைக் கழற்றி, போர்டை கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்து மேசையில் வையுங்கள். உள்ளே வைத்துக்கொண்டே செய்தால் கை எங்காவது இடிக்கும். ஏதாவது வெறும் இரும்பைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு உட்காருங்கள். முழுக்கைச் சட்டை என்றால் கையை மடித்துவிடுங்கள். ஒரு நூல் மாட்டினாலே ஒரு வரிசை போய்விடும். துணியால் துடைப்பது, பிரஷ் போடுவது எல்லாம் கூடவே கூடாது.

அப்புறம் பாருங்கள், நிறைய நேரம் பாருங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தால், நல்ல பின்களின் நுனிகள் கோடு போட்டதுபோல் மின்னும். கோணலானது மட்டும் இருண்டோ தனியாக ஒளிர்ந்தோ தெரியும். சில சாக்கெட்டுகளில் பின்கள் இரண்டு கூட்டமாக வெவ்வேறு பக்கம் பார்த்திருக்கும். அதை வளைவு என்று எண்ணிப் பதறி கை வைத்துவிடாதீர்கள். நாலு பக்கமிருந்தும் போனில் பெரிதாக்கிப் படம் எடுங்கள். என் ஐந்தாவது பின் மேலிருந்து பார்த்தால் சரியாகத்தான் தெரிந்தது, உயரம் மட்டும் குறைவு.

கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். மெல்லிய தையல் ஊசி, நுனி கூரான ட்வீசர், ஒரு பூதக்கண்ணாடி. நான் ட்வீசரை அதிகம் தொடுவதில்லை. அது பிடித்த பின்னை இழுத்தே தீருவேன் என்று நிற்கும். ஊசியை, வளைந்த பின்னின் நுனிக்கு அடியில் நுழைத்து, அது விழுந்த திசைக்கு எதிராக மயிரிழை தள்ளுங்கள். ஸ்பிரிங் கொஞ்சம் திரும்பி வரும். எடுங்கள், பாருங்கள், மறுபடி ஒரு தள்ளு. இப்படி இரண்டு மூன்று சின்னத் தள்ளல்களில் முடிந்துவிட்டால் நல்லது. முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்தால் உலோகம் களைத்து முறியும். கை நடுங்கினால் மணிக்கட்டை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள்; அப்படியும் நடுங்கினால் போய்ப் படுங்கள், நாளைக்குப் பார்க்கலாம்.

ஒன்று முறிந்தேவிட்டால்? துண்டை உள்ளே விட்டுவிடாமல் எடுத்துவிடுங்கள். பிறகு அந்தப் பிராசஸரின் டேட்டாஷீட்டில் (தொழில்நுட்ப விவர ஏட்டில்) பின் அட்டவணையைத் தேடி அது எந்த வேலைக்கானது என்று பாருங்கள். தரை இணைப்புப் பின்கள் நிறைய உண்டு. அவற்றில் ஒன்று போனால் பெரும்பாலும் ஓடிவிடும். மெமரிக்கோ (ரேம்), கிராபிக்ஸ் கார்டு போன்றவை சொருகும் பிசிஐஇ இணைப்புக்கோ போகும் பின் என்றால் அந்தப் பகுதி மட்டும் படுத்துவிடக்கூடும்.

மின்சாரம் கொடுக்குமுன் கடைசியாக ஒரு பார்வை: எந்தப் பின்னும் பக்கத்துப் பின்னைத் தொடக்கூடாது. தொடர்பில்லாத பின்னை விட ஒட்டிக்கொண்ட பின்கள்தான் ஆபத்து, பிராசஸரையே எரித்துவிடலாம்.

எனக்கு முதல் முறை கணினி எழுந்தது, சந்தோஷப்பட்டேன். கணினி எழுந்ததும் முதலில் ஓடும் பயாஸ் திரையில் பார்த்தால் இரண்டு ரேம்களில் ஒன்றைக் காணோம். ரேமை மாற்றி மாற்றிச் சொருகிப் பார்த்து அரைநாள் போனது. ஸ்லாட்தான் செத்திருந்தது, ரேம் அல்ல. மறுபடி கழற்றி, அந்தக் குள்ளப் பின்னை ஊசியால் கொஞ்சம் தூக்கிவிட்டேன். இரண்டும் தெரிந்தன. ஆகவே பயாஸ் வந்துவிட்டது என்று மூடிவிடாமல், எல்லா ரேம் ஸ்லாட்டையும் கிராபிக்ஸ் கார்டையும் சோதித்துவிடுங்கள். சாக்கெட்டோடு வந்த பிளாஸ்டிக் மூடியையும் எறியாதீர்கள். பிராசஸர் இல்லாமல் போர்டை எடுத்து வைக்கவோ அனுப்பவோ நேர்ந்தால் அதுதான் பின்களுக்குக் கவசம்.