ஓஜிப்வே குடும்பக் கதை படப் புத்தகம் வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தப்பு அட்டையிலயே நடந்துடுது. "இது செவ்விந்தியர் கதை கண்ணா"ன்னு நாம ஸ்கூல்ல படிச்ச வார்த்தையை சொல்லிடுறோம். அதை விட்டுடுங்க, ஓஜிப்வேன்னே சொல்லுங்க, அவங்க தங்களை அனிஷினாபேன்னும் சொல்லிக்குவாங்க. சுப்பீரியர் ஏரியை சுத்தி மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன், எதிர்க்கரையில கனடாவோட ஒன்டாரியோன்னு இன்னைக்கும் அங்கேயே வாழுற ஜனங்க, அதனால "அந்தக் காலத்துல இருந்தாங்க"ன்னு வாசிக்காதீங்க. பாட்டி ஜீன்ஸ் போட்டு பிக்கப் ஓட்டுற படம் இருந்தா அந்தப் பக்கத்துல நின்னு பேசுங்க.

காட்டெருமைத்தோல் கூம்புக் கூடாரம் வரைஞ்சிருந்தா யோசிச்சு வாங்குங்க. அது பெரும்பாலும் வட அமெரிக்கச் சமவெளி ஜனங்களோடது, ஏரிக்கரை ஓஜிப்வேயோட பழைய வீடு விக்வாம், கம்பை வளைச்சு பர்ச் மரப்பட்டை போர்த்தினது.

எனக்கு ரொம்ப மனசு கேக்காத தப்பு மனோமின்ங்கிற காட்டரிசி விஷயத்துல. நானும் முதல் தடவை "நெல் அறுக்குறாங்க"ன்னுதான் வாசிச்சேன், பொண்ணு உடனே "அரிவாள் எங்கம்மா?"ன்னு கேட்டா. அது நம்ம நெல்லே இல்ல, ஏரித் தண்ணியில தானா வளர்ற வேற புல். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர்ல ரெண்டு பேர் படகுல போவாங்க, ஒருத்தர் நின்னு நீளக் கழியால படகைத் தள்ள, இன்னொருத்தர் உக்காந்துக்கிட்டு ஒரு குச்சியால தாளை படகுக்குள்ள சாய்ச்சு இன்னொரு குச்சியால மெதுவா தட்டுவார், பழுத்த மணி மட்டும் உதிரும், தண்ணியில விழுற மணி அடுத்தடுத்த வருஷத்துக்கு விதை. அப்புறம் வறுத்து, மிதிச்சு, மரப்பட்டைத் தட்டுல புடைப்பாங்க, நம்ம முறத்துல புடைக்கிற மாதிரியேதான். வறுக்குற பக்கத்தை மட்டும் அவசரமா திருப்பாதீங்க, பெரும்பாலும் குடும்பமே கூடி நிக்கிற பக்கம் அதுதான்.

அடுத்தது, "என் நோகோமிஸ்"னு மொழிபெயர்க்கிறது. நோகோமிஸ்னாலே "என் பாட்டி"தான், "உன் பாட்டி" கோகோமிஸ். யாரோட பாட்டின்னு வார்த்தைக்குள்ளயே இருக்கு.

பவ்வாவ்ங்கிற, ஜனங்க கூடி ஆடிப் பாடுற விழாவுல ஆட்டத்துக்குப் போடுற உடுப்பை காஸ்ட்யூம்னு சொல்லாதீங்க, மாறுவேஷப் போட்டி இல்ல அது. ரெகாலியான்னுதான் சொல்லுவாங்க.

கடைசியா, நானபோஷோங்கிற குறும்புக்கார நாயகனோட பழங்கதைங்க. தரையில பனி கிடக்கும்போது மட்டும்தான் சொல்லணும்னு பல குடும்பங்கள்ல இன்னும் வழக்கம். மே மாசம் கையில கிடைச்சா எடுத்து வச்சிட்டு, பனி விழுறவரைக்கும் மேப்பிள் மரப்பால் காய்ச்சுற கதை இருந்தா அதை வாசிங்க.